மோப்பம் பிடிக்கும் கதவு

"மது வாசனை. உள்ளே அனுமதி இல்லை" என்றது வீட்டுக் கதவு.

அருளப்பன் கதவை மறுபடி தட்டினான். மாதா கோயில் கூடத்தில் நடக்கும் குடி மறந்தோர் கூட்டத்துக்கு இன்றுதான் முதன்முதலாகப் போய்விட்டு வந்திருந்தான்.

ஜன்னலுக்கு உள்ளிருந்து மனைவி ரோஸ்லின் கேட்டாள். "கூட்டத்துக்குன்னு சொல்லிட்டு கடைக்கா போனீங்க?"

"சத்தியமா இல்ல. குடிச்சிட்டு வந்த ஒருத்தர் என் தோள்ல சாஞ்சு அழுதாரு. நான் டீதான் குடிச்சேன்."

பல வருடமாக அவன் மூச்சுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இன்று கம்பியருகே மூக்கைக் கொண்டுவந்தாள்.

"ஊதுங்க."

பயந்துகொண்டே ஊதினான். அவள் கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தாள்.

"கதவுக்கு சட்டை எது, ஆளு எதுன்னு தெரியல. சட்டையக் கழட்டி வெளிய போட்டுட்டு வாங்க."