உப்பு சரி

"வாயை நல்லாத் திறங்க போஸ்ட்மாஸ்டர் சார். அந்தச் சமையல்காரர் கடைசியில செத்துப்போயிடுவார்னு தோணுது."

நாற்காலியில் சாய்ந்திருந்த போஸ்ட்மாஸ்டர் துள்ளிவிட்டார். பல் டாக்டரம்மா இன்னும் ஊசியைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"பயப்படாதீங்க. வெளியில உங்க வீட்டம்மா கையில அந்த நாவலோட அஞ்சாம் பாகத்தைப் பாத்தேன். நீங்களும் படிக்கிற ஆளா?"

அதற்குள் ஊசி ஈறில் இறங்கிவிட்டதால் அவர் "ஆங்" என்றார். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டாக்டரம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

பக்கத்துத் தெருவிலேயே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். இங்கேதான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, இரண்டு பஸ் மாறி அழைத்து வந்தது மனைவி. கைராசியான டாக்டராம். இப்படி வாய்ராசியும் உண்டு என்று அவர் சொல்லவில்லை.

"இதையெல்லாம் வேற யார்கிட்ட சார் பேசறது? நடந்து முடிஞ்ச சண்டையை எதுக்கு மாத்தி எழுதறாங்க, வேற வேலை இல்லையாங்கறார் எங்க வீட்டுக்காரர். அதுல இருக்கற ருசி அவருக்கு எங்க தெரியும்? வரலாற்றுல ஆத்துப் பாலத்தை எதிரி பிடிச்சிட்டான், நாம தோத்தோம். நாவல்ல, சேத்துல புதைஞ்சு கிடந்த ஒரு யந்திர மனுஷனை ராணுவச் சமையல்காரர் தோண்டி எடுக்கறார். நூறு வருஷம் கழிச்சு செய்யப்போற யந்திரம். அது கண்ணைத் திறந்ததும் காதுல விழுந்த முதல் வார்த்தை, உப்பு பாத்துச் சொல்லுங்கறதுதான். அதுலேர்ந்து அவர் சொன்னா மட்டும்தான் கேக்கும். தளபதியே சமையல் கூடாரத்து வாசல்ல வந்து நிக்கணும்."

போஸ்ட்மாஸ்டரின் கண்கள் சிரித்தன. வாய் மரத்துப்போயிருந்தது.

"ஒவ்வொரு தடவை சுடறதுக்கு முன்னாடியும் அது 'உப்பு சரி'ன்னு சொல்லுமே, அந்த இடத்தைப் படிச்சிட்டு நானும் ஒரு வாரம் பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடியெல்லாம் 'உப்பு சரி'ன்னு சொல்லிட்டிருந்தேன். நர்ஸ் லீவு போட்டுட்டா."

துளைக்கும் கருவி கிர்ரென்று ஓடத் தொடங்கியது.

"கடைசிப் பாகம் அடுத்த மாசம் அச்சுக்குப் போகுதாம். ஆனா முடிவை நான் கண்டுபிடிச்சிட்டேன்."

போஸ்ட்மாஸ்டர் அவசரமாக இடது கையைத் தூக்கினார்.

"வலிக்குதா? இன்னொரு ஊசி போட்டுடலாம்."

நாக்கும் போயிற்று. ஒன்பது வருடமாக இந்தக் கதைக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர் அவர். அதன் முடிவை, வாயில் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயுமாகக் கிடக்கும் நேரத்தில் ஒருவர் போட்டு உடைக்கப்போகிறார். அது தப்பான முடிவாக இருக்கவேண்டுமே என்று மனதுக்குள் கும்பிடு போட்டார். பல்வலி எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது.

"கேளுங்க. அந்த யந்திரம் மறுபடியும் சேத்துல போய்ப் படுத்தாத்தான், நூறு வருஷம் கழிச்சு யாராவது அதைத் தோண்டி எடுத்து, அதைப் பாத்து அதே மாதிரி ஒண்ணு செஞ்சு, இந்தப் போர்க்காலத்துக்கு அனுப்புவாங்க. இல்லேன்னா ஜெயிச்ச போரே இல்லாமப் போயிடும். ஆனா அது தனியாப் போகாது. அதனால சமையல்காரர் அது கையைப் பிடிச்சுக்கிட்டு, தானும் ஆத்துல இறங்கிடறார். சரிதானே?"

'எப்படி?' என்று கேட்க நினைத்தார் போஸ்ட்மாஸ்டர். "எழழி" என்றுதான் வந்தது.

"தலையை ஆட்டாதீங்க, வேருக்குள்ள ஊசி இருக்கு. எனக்கு மனசே ஆறல சார். அஞ்சு பாகமா ஊருக்கே வடிச்சுக் கொட்டின மனுஷன், ஒரு நாளாவது உக்காந்து சாப்பிட்டிருப்பாரா? அவரைப் போய்த் தண்ணியில முக்கலாமா? அந்த எழுத்தாளர் அட்டையில போட்டோகூடப் போடறதில்ல. போட்டா அடி விழும்னு தெரிஞ்சிருக்கும்."

டாக்டரம்மா கருவியை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"நானா இருந்தா, யந்திரம் அவருக்கு ஒரு வேளை சமைச்சுப் போடற மாதிரி வைப்பேன். அவர் முதல் தடவையா உக்காந்து சாப்பிடறார். ருசி பாத்துட்டு, 'உப்பு சரி'ன்னு அவர் சொல்றார். அவர் வாயால அதைக் கேட்டதும் அதுக்குத் தைரியம் வந்துடுது. எழுந்து தனியாவே போய்ப் படுத்துக்குது."

போஸ்ட்மாஸ்டரின் கண்ணோரம் ஒரு சொட்டு வழிந்து காதுவரை போனது. வலியாக இருக்க முடியாது, இரண்டு ஊசி போட்டாகிவிட்டது.

நாற்காலி நிமிர்ந்தது. அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். மனைவி கைப்பையும் புத்தகமுமாக உள்ளே வந்தார்.

"இப்போ தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிங்க. ரெண்டு வாரம் தாங்கும். பல்லு மேல மாட்டற கேப் அடுத்த தடவை போட்டுக்கலாம்."

"எழ்ழோ?"

"எப்போ வரணும்னு கேக்கறார்" என்றார் மனைவி.

டாக்டரம்மா நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். "அது சார் கையிலதான் இருக்கு. சமையல்காரரைப் பிழைக்க வெச்சு, கடைசி அத்தியாயத்தை மாத்தி எழுதி எடுத்துட்டு வரட்டும். அன்னைக்கே கேப் போட்டுடறேன்."

போஸ்ட்மாஸ்டர் மெல்லத் திரும்பி, தன் கையெழுத்துப் பிரதியை இதுவரை படித்திருந்த ஒரே ஆளைப் பார்த்தார். அந்த அம்மாள் ஐந்தாம் பாகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "உப்பு சரி" என்றார்.