விடியற்காலை வெளுப்பு

சாயப்பட்டறையில் குளோரி ஓட்டிய துணி மூன்றாவது நாளாகக் கெட்டுப்போயிருந்தது.

கிறிஸ்மஸ் பாடகர் குழுவுக்கான சேலைத் துணி. அரக்கு நிறம். ஜிகர் மெஷினில் துணி ஓர் உருளையிலிருந்து சாயத்தொட்டிக்குள் இறங்கி மறு உருளையில் சுற்றும். பாய்லரிலிருந்து தொட்டிக்கு வரும் சூடு நடுவில் இறங்கினால் அந்த நீளம் மட்டும் வெளுத்துவிடும்.

மற்ற ஷிஃப்டுகளில் கோளாறு இல்லை. விடியற்காலை ஷிஃப்டில் மட்டும்தான். அது குளோரியின் ஷிஃப்ட்.

உறங்கியிருப்பாள் என்று மடிப்புப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

முதலாளி நாராயணபெருமாள் மூன்று நாளுக்கு முன்தான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கோபப்படக் கூடாது; ஆண்களைச் சாமி என்றும் பெண்களை மாளிகைப்புறம் என்றும்தான் அழைக்க வேண்டும். அதனால் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"மாளிகைப்புறம், நாளையில இருந்து நீங்க வரண்டாம்."

குளோரி தரையைப் பார்த்தாள். கணவன் மீன்பிடி வள்ளத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பிறகு வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

மூன்று வருடத்தில் அவள் ஒரு மீட்டர் கெடுத்ததில்லை என்று சாய மாஸ்டர் டைட்டஸ் சொல்லிப் பார்த்தார்.

"அறுபது வயசுல நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பச்சைத் தண்ணியில குளிக்கேன் சாமி. இவங்களுக்குக் கண்ணு முழிச்சிருக்க முடியாதா?" என்றார் முதலாளி.

அவருடைய ஈரத்தலையையும் திருநீற்றையும் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள்.

டைட்டஸ் விடவில்லை. மெஷினில் வெப்பம் பதிவாகும் தாளைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று நாளும் சரியாக ஐந்தேகாலுக்குக் கோடு சரிந்திருந்தது. அரைமணி நேரத்தில் தானாகவே ஏறியும் இருந்தது.

"அப்பத்தான் உறங்கியிருக்காங்க," என்றார் முதலாளி.

டைட்டஸ் தாளை மடித்துக்கொண்டார். எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

குளோரி போகவில்லை. கடைசி ஆளும் உள்ளே போகும்வரை சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றாள். பிறகு முதலாளியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பாய்லர்ல இருந்து சுவரு வழியா பக்கத்துல உங்க வீட்டுக் குளிமுறிக்கு ஒரு வெந்நீர்க் குழாய் போவுதுல்லா சாமி, அதைத் திறந்தா இங்க சூடு இறங்கிருது. இன்னைக்குத்தான் கண்டேன். ஆருகிட்டயும் சொல்லல்ல."

முதலாளி மாலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளையில இருந்து, நீங்க குளிச்சு முடிச்ச பெறவு மெஷினை ஓட்டட்டா?"