வலது முழங்கால்

அவள் விரல் படுவதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"வலி இல்ல."

சென்னைக்கு வந்து அவன் கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான். சக ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது.

தேவகிருபை முழங்காலின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவன் கை படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்தது.

சூடாக இருந்தது. நீர் கோத்திருந்தது.

மணி பத்து. மாலை ஏழரைக்குக் கால்பந்து அரையிறுதி.

எலோய் ஸ்பெயின்காரன். வயது முப்பத்தாறு. பதினேழு வருடமாகக் கோல் போடுவதுதான் பிழைப்பு. சொந்த நாட்டில் சின்னச் சின்ன ஊர் அணிகளுக்கு ஆடியவன். ஒரே ஒரு சீசன் முதல் பிரிவில். அதில் நான்கு கோல். எந்தக் காலால், எந்த மூலையில், அன்று மழையா வெயிலா என்று அந்த நான்கையும் கேட்காமலே சொல்லுவான். பிறகு கிரேக்கம், சைப்ரஸ். கடைசியாக இங்கே.

இங்கே பதினோரு கோல்.

வியாசர்பாடியில் அவள் வீட்டுத் தெருவில், ஒரு சுவர் முழுக்க அவனை வரைந்து வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

அணியின் பிசியோவாக அவளுக்கு இது முதல் வருடம். 

கதவு திறந்தது. மேலாளர் அறவாழி தலையை மட்டும் நீட்டினார்.

"என்னம்மா, தகுதிப் படிவத்துல கையெழுத்துப் போட்டாச்சா? டாக்டர் வலி ஊசியோட ரெடியா நிக்கிறாரு."

"இன்னும் பாத்து முடிக்கல சார்."

"தொண்ணூறு நிமிஷந்தானே, தாங்கிடும். ஊரே இவரப் பாக்கத்தாம்மா வருது."

கதவு மூடியது.

ஒரு சாண் உயரப் பலகையைத் தரையில் போட்டாள். வலது காலில் மட்டும் நின்று, இடது காலை மெதுவாகத் தரைக்கு இறக்கச் சொன்னாள்.

ஏறினான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

பாதி இறங்குவதற்குள் முழங்கால் உள்பக்கமாக மடங்கியது.

பாய்ந்து தாங்கினாள். எண்பது கிலோ அவள் தோளில் சாய்ந்தது. அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது. 

"இன்னைக்கு மட்டும், தேவா," என்றான் உடைந்த ஆங்கிலத்தில். "என் பொண்ணு வர்றா. நான் கோல் போட்டு அவ நேர்ல பாத்ததே இல்ல."

இன்னொரு முறை அந்த மூட்டு திருகிக்கொண்டால் அவன் நேராக நடக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்று மாலைவரை எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். அதுவும் தெரியும்.

பேனாவை எடுத்தாள். படிவத்தில் எழுதினாள்.

ஆடத் தகுதி இல்லை.

கீழே தன் பெயர்.

அவன் எட்டிப் பார்த்தான். 

"எத்தனை வாரம்?"

அவள் பனிக்கட்டிப் பையை முழங்காலில் வைத்துத் துணியால் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முடிச்சுப் போட்ட பிறகும் நிமிரவில்லை.

இனி வாரக் கணக்கு இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

அவன் ஃபோன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. விமான நிலையத்திலிருந்து வரும் டாக்ஸிக்குள் அவனுடைய ஏழு வயது மகள். அப்பாவின் ஒன்பதாம் எண் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது. அவள் தன் மொழியில் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

 எலோய் ஃபோனைத் தேவகிருபையின் கையில் திணித்தான்.

சிறுமி ஒரு கணம் விழித்தாள். பிறகு பள்ளி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீங்கதானே அப்பா காலைச் சரி பண்றவங்க?"

தேவகிருபை தலையசைத்தாள்.

"இன்னைக்கு அப்பா கோல் போடுவாரா?"

வெளியே அறவாழியின் காலடி நெருங்கிவந்தது.

பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான் என்று அவள் ஃபோனை எலோயின் பக்கம் திருப்பினாள். படுக்கையும் காலும் தெரியாதபடி, முகம் மட்டும் தெரியும்படி, சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.