ஏழாவது பிழை

மாப்பிள்ளை ரிமோட்டை அழுத்தினார். பிணம் திரையில் அப்படியே நின்றது.

"தேனு, இங்க பாரேன். பொணம் சிரிக்குது."

சோபா ஓரத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படம். அதைச் சுத்தமாகத் துடைத்துத் துலக்கி, புதிதாக ப்ளூ-ரே டிஸ்க்கில் போட்டிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து இன்ச் டிவியில் கொலைகாரனின் சட்டைப் பொத்தானில் ஓடும் நூல்கூடத் தெரிந்தது.

பிணத்தின் முகமும் தெரிந்தது.

மாடிப்படிக்குக் கீழே மல்லாந்து கிடக்கும் வேலைக்காரப் பெண். நெற்றியில் ரத்தம். இடது உதட்டோரம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கன்னத்தில் சின்னதாக ஒரு குழி.

பதிந்துதான் இருக்கிறது, என்று நினைத்தாள்.

படம் வந்தபோது யாரிடமும் சொல்லாமல் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தாள். அந்த முகம் வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தது. பிற்பாடு டிவியில் போட்டார்கள். அதில் அதுவும் இல்லை. நிஜமாகவே சிரித்தோமா, சிரித்ததாக நினைத்துக்கொண்டோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஞானவேலுக்குப் பழைய படம் என்றால் உயிர். பழைய படத்தில் பிழை கண்டுபிடிப்பது என்றால் அதைவிட உயிர். டிஸ்க் போட்ட கம்பெனிக்காரர்கள் வேறு, பிழை இருந்தால் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டுமா? போன டிஸ்க்கில் ஒரு ராஜாவின் கையிலிருந்த வாட்சை இவர் எழுதித்தான் அழித்தார்கள். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காபியோடு சேர்த்து அந்தக் கதையும் கிடைக்கும்.

"ஏழாவது பிழை. பிணம் சிரிக்கிறது," என்று சொல்லிக்கொண்டே போனில் தட்டினார். "நடிக்கத் தெரியாத யாரையோ புடிச்சுப் படுக்க வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை. வாயை நேராக்கிடுவாங்க."

தேன்மொழி சிரித்தாள்.

மகள் சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

புருஷனுக்கு வேலை இல்லாமல் இருந்த அந்த ஒரு வருடம் எக்ஸ்ட்ராவாக நடிக்கப் போனாள். அவருக்கு வேலை கிடைத்ததும், இனிமேல் இந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். எடுக்கவில்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகியும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிண ஷாட் எடுத்த அன்றைக்குக் காலையில் அதே செட்டில் கதாநாயகியின் அம்மா செத்தார், படத்தில்தான். பெரிய நடிகை. ஷாட் முடிந்ததும் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பிறகு அந்த அம்மாவைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்தார்கள். அது படத்தில் வராது. செத்ததாக நடித்த தோஷம் கழிய வேண்டும், அதற்காகத்தான்.

மத்தியானம் இவள் முறை.

எனக்கும் ஒரு சிரிப்பு எடுத்துடுங்க சார், என்று கேட்டாள். புரொடக்‌ஷன் மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிலிம் என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா, என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டியிருந்தாள். நான்காவது மாதம். தெரிந்தால் அப்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

போய்ப் படுத்தாள். நெற்றியில் ரத்தம் பூசினார்கள். கிளாப் அடித்தார்கள். கேமரா முகத்துக்குக் கிட்டே வந்தது.

எடுக்க மாட்டீர்களா? நானே எடுத்துக்கொள்கிறேன்.

சிரித்தாள்.

ஓகே, என்றார்கள். அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மொச்சை முறத்தைத் தரையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை எழுதாதீங்க மாப்ளை."

"எதை அத்தை?"

"அந்தச் சிரிப்பை. அது நான்தான். தெரியாம சிரிக்கல. வேணும்னேதான் சிரிச்சேன்."

ஞானவேல் திரையைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். குழி அதே கன்னத்தில் இருந்தது.

"சரி அத்தை... ஆனா பிழை பிழைதானே," என்றார். பழக்க தோஷம்.

"அன்னிக்குக் காலையில செத்த மாதிரி நடிச்ச அம்மாவுக்குப் பூசணிக்கா உடைச்சு, சிரிக்க வெச்சுப் படம் புடிச்சாங்க. எனக்குக் கேட்டதுக்கு முடியாதுன்னாங்க. நான் மட்டும்னா பொணமாவே கெடந்துட்டு எந்திரிச்சு வந்திருப்பேன் மாப்ளை. உள்ள ஒரு ஆள் இருந்துச்சு."

திரையில் நின்ற முகத்தைக் காட்டினாள்.

மறுபடியும் சொன்னாள். "ஒருத்தரும் அதை அழிக்கக் கூடாது."

தேன்மொழி டிஸ்க்கின் உறையை எடுத்துத் திருப்பினாள். படம் வெளியான வருடம் பொடி எழுத்தில் இருந்தது. அவள் பிறந்த வருடமும் அதுதான். உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் அந்தப் பெண் இன்னும் படிக்குக் கீழேதான் கிடந்தாள்.

தேன்மொழி புருஷன் கையிலிருந்த போனை வாங்கினாள். ஏழாவது வரியை அழித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எந்திரிங்க," என்றாள். "கடை மூடறதுக்குள்ள போய் ஒரு பூசணிக்கா வாங்கிட்டு வாங்க. நல்லாப் பெருசாப் பாத்து."