கரை சேராத கரடி

மூன்றரை மணிக்கே ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருக்கிறது. டென்மார்க்கின் பிராண்டே ஊர் நூலகத்தில் இரவல் எடுத்த வீடியோ கசற்றைப் போட்டுவிட்டு, குகநேசன் வேலைக் காற்சட்டையோடு தரையில் இருக்கிறான். திரையில் ஒரு கரடி, வீடு திரும்புவதற்காகச் சவர்க்காரப் பெட்டியைப் படகாக்கித் துடுப்புப் போடுகிறது. பள்ளிக்கூடக் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அவனும் சுகிர்தாவும் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்த கரடி. ஆறே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். அது வீடு போய்ச் சேர்ந்ததா என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது. சுகிர்தா இப்போது அவன் மனைவி. அவளை டென்மார்க்குக்குக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. இன்றைக்குக் கொழும்பிலிருந்து டெலிபோன் எடுப்பாள். கரடியின் முடிவையாவது சொல்லலாம் என்றுதான் கசற்றைத் தேடிப் பிடித்தான். ஆனால் கரடி தடித்த குரலில் டேனிஷ் கதைக்கிறது. ஒரு பகிடிக்கும் சிரிப்பு வரவில்லை. நடுக்கடலில் அலை எழும்புகிறது. உடனே திரை கறுத்து, இரைச்சல். முன்னுக்கு ஓட்டிப் பார்க்கிறான், வெறும் புள்ளிகள். அறையில் கூட இருக்கும் பூபாலசிங்கம் அண்ணை கசற்றின் மட்டையை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.

"ஆறு பகுதிதானாம் எடுத்தவங்கள், தம்பி. மிச்சம் இல்லை."

"அதெப்பிடி அண்ணை, நடுக்கடலிலை விட்டிட்டுப் போவாங்கள்?"

கசற்றை இழுத்தெடுத்துக் கட்டிலில் எறிகிறான். டெலிபோன் அடிக்கிறது.

"என்னப்பா, கடிதம் வந்ததோ?"

"இல்லை."

கம்பியில் இரைச்சல் எழும்புகிறது.

"அப்ப அடுத்த கிழமையும் இதே நேரம் எடுக்கிறன்."

"ஓம்" என்கிறான். கரடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.