சேட்டு கொண்டுவந்த வாட்ச்

சேட்டு கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து வாட்ச்சை நீட்டியபோது ஆதிநாராயணனுக்குக் கொட்டாவி வந்தது.

வாயை இறுக மூடிக்கொண்டு அதை விழுங்கினார்.

“பழைய சுவிஸ் சரக்குண்ணா. காலையிலதான் கைக்கு வந்துச்சு. எப்படி இருக்குது?” என்றார் சேட்டு.

ஆதிநாராயணன் வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் முள்ளைப் பார்த்தார். எல்லாம் கை தன் பழக்கத்தில் செய்தது. மனசு அங்கே இல்லை.

சந்தைக்கு வருகிற எவன் கையிலும் கிடக்கிற சாதாரண வாட்ச்சாகத்தான் அது அவருக்குத் தெரிந்தது. தப்பு வாட்ச்சில் இல்லை, தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஜவ்வாது மலையில் அவரளவுக்கு வாட்ச் வைத்திருந்தவர் யாரும் இல்லை. புளி விற்கக் கீழே இறங்கும்போதெல்லாம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று அலைந்து சேர்த்தவை. இலவம்பஞ்சு பரப்பிய மரப்பெட்டியில் அவற்றைப் படுக்கவைத்திருந்தார். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்துச் சாவி கொடுப்பார். யாராவது மணி கேட்டால் மட்டும் சூரியனைப் பார்த்துச் சொல்வார்.

போன புளிப் பருவத்தில் ஒருநாள் சாவி கொடுக்க மறந்துபோனது. மறுநாளும் மறந்தது. பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். எல்லாம் நின்றிருந்தன.

மூடிவிட்டு வந்து கேழ்வரகுக் களியை ரசித்துச் சாப்பிட்டார்.

வெறுத்துப்போகவில்லை. வயிறு நிறைந்து இலையை விட்டு எழுந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு காலைப்பொழுது நீண்டுவிட்டது. சாமைக் கொல்லையைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். மனைவி மாணிக்கம்மாள் பேசுவதை முழுசாகக் கேட்டார். இந்த மனுஷனுக்கு இன்னா வந்துச்சு என்று முதலில் அவளே பயந்துபோனாள்.

சேட்டுவிடம் மட்டும் சொல்லவில்லை.

சேட்டுவுக்குக் கண்ணமங்கலத்தில் சைக்கிள் கடை. வேலூரில் ஒரு ரிப்பேர்க் கடை வாசலில், ஒரே வாட்ச்சுக்கு இரண்டு பேரும் மல்லுக்கட்டி, கடைசியில் மூன்றாவது ஆள் ஒருவன் அதைக் கொத்திக்கொண்டு போன அன்று தொடங்கிய சிநேகம். அதிலிருந்து மாசம் தவறாமல், பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு, ஒரு வாட்ச்சோடு மலையேறி வந்துவிடுவார். சாப்பிடுகிறவரைக்கும் வாட்ச் பேச்சு. வந்த பஸ் திரும்பும்போது அதிலேயே மலையிறங்கிவிடுவார். மலையில் அவருக்கு வேறு சோலி எதுவும் கிடையாது.

வாட்ச்சும் இல்லையென்றால் எதற்கு வருவார்?

இந்தக் கேள்விதான் ஆதிநாராயணனின் வாயை இத்தனை நாளாக அடைத்து வைத்திருந்தது. ஆனால் இன்றைக்கு, சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க எதிரே உட்கார்ந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் இன்னொரு பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

வாட்ச்சைப் பாயில் வைத்தார்.

“சேட்டு, தப்பா எடுத்துக்காத. எனக்கு இதுல மனசு வுட்டுப்போச்சு. பொட்டியத் தொறந்தே பல மாசம் ஆவுது.”

சேட்டு கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அப்ப இனிமே நான்…” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

அடுப்படியில் மாணிக்கம்மாளின் கரண்டிச் சத்தமும் நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக பஸ் கண்டக்டர் உள்ளே தலையை நீட்டினார்.

“சேட்டண்ணா, என் வாட்ச்ச குடுங்க. இன்னிக்கு வண்டிய சீக்கிரம் எடுக்கணும். நேரமாச்சுன்னு டிரைவர் கத்தறாரு.”

அவருடைய கறுத்த இடது மணிக்கட்டைச் சுற்றி, வெயில் படாத தோல் வெளுப்பாகத் தெரிந்தது.

சேட்டு குனிந்த தலை நிமிராமல் வாட்ச்சை எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் அதைக் கட்டிக்கொண்டே, “வந்துடுங்க” என்றுவிட்டு நடையைக் கட்டினார்.

ஆதிநாராயணன் போகிறவரைப் பார்த்தார், பிறகு சேட்டுவைப் பார்த்தார்.

“என்னுது எல்லாத்தையும் மருமவன் கேட்டான்னு அவனுக்கே குடுத்துட்டேண்ணா. ரெண்டு வருஷம் இருக்கும்” என்றார் சேட்டு, பாயைப் பார்த்தபடி. “எனக்கும் வுட்டுப்போச்சு.”

“அப்ப போன மாசம் ஒண்ணு கொண்டாந்தியே?”

“அது டிரைவருது.”

முதலில் சிரித்தது மாணிக்கம்மாள்தான். அடுப்படியிலிருந்து அவள் சிரிப்புக் கேட்டதும் ஆதிநாராயணனுக்கும் பற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார். சேட்டு மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த மாசம் நான் இன்னாத்தண்ணா கொண்டாறது?”

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சேட்டு அவசரமாக எழப் போனார்.

ஆதிநாராயணன் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

“வண்டி போவட்டும் வுடு. நீ உக்காந்து சாப்புடு.”