ராக்கம்மா விட்ட சாபம்

“அது நீங்க விட்ட சாபம் இல்லக்கா” என்று சொல்வதற்காகத்தான் சுகுமாறன் லிங்கியிலிருந்து லோபாக் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.

வந்து கால் மணி நேரமாகியும் அதை இன்னும் சொல்லவில்லை.

எதிரே ராக்கம்மா உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தாறு. தோட்டத்தை விட்டுப் போனபோது இருந்த உடம்பு இப்போது இல்லை. ஊரில் ஒரு வாரமாகப் புகைமூட்டம். காலை பத்து மணிக்கே வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

“லோகா போய்ட்டாளாமே. பசாருல சொன்னாங்க” என்றார் ராக்கம்மா.

சுகுமாறன் தலையை ஆட்டினார். மனைவி இறந்து நாற்பது நாளாகியிருந்தது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவர் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களை வேலை வாங்கும் மண்டோர். பதினாலு பெண்கள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு நிரை நிரையாக நடந்து களைக்கு விஷ மருந்து அடிப்பார்கள். மண்டோர் பெண்டாட்டி வீட்டில் சும்மா இருந்தால் மற்றவர்கள் முனகுவார்கள் என்று லோகேஸ்வரியையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திருந்தார்.

ஒரு நாள் வேலைக்காட்டில், எல்லார் முன்னாலும் ராக்கம்மா பம்பை இறக்கி வைத்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

“ஒன் வீட்டுத் தொட்டில் ஆடாது மண்டோரு.”

அந்த மாதமே லோகேஸ்வரிக்குக் கரு கலைந்தது. அடுத்த வருஷம் இன்னொன்று. மூன்றாவது ஏழு மாதம் வரை தங்கியது. ஆண் பிள்ளை. பிறக்கும்போதே மூச்சில்லை.

அதைப் புதைத்துவிட்டு வந்த கையோடு சுகுமாறன் தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ராக்கம்மா சூனியக்காரி. மண்ணை வாரித் தூற்றி என் வம்சத்தை அழித்தவள். அவள் கண் பட்டால் எந்த வயிற்றிலும் கரு தங்காது.

மண்டோர் சொன்னால் தோட்டம் கேட்கும்.

ராக்கம்மாவைக் கண்டால் பெண்கள் பிள்ளையை முந்தானையால் மூடினார்கள். கோயில் திருவிழாவில் அவர் வைத்த பொங்கலை யாரும் தொடவில்லை. அவருடைய மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். கடைசியில் சட்டி பானைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு குடும்பமே கிளம்பியது. லோரி முச்சந்தியைத் தாண்டியதும் சுகுமாறன் அந்த இடத்தில் பூசணிக்காய் உடைத்தார்.

லோகேஸ்வரி மட்டும் ராக்கம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சாபம்தான் காரணம் என்ற எண்ணத்தை இத்தனை வருஷமும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை. பிறரைப் பார்க்கவும் விட்டதில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அவர் சாய்ந்துகொள்ள இருந்த ஒரே சுவர் அது.

போன வைகாசியில் ஆஸ்பத்திரியில், லோகேஸ்வரியின் நெஞ்சுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, மனைவி என்ன வேலை செய்தவர் என்று அவரிடம் கேட்டாள். பதினோரு வருஷம் மருந்தடித்தாள் என்றார். வயிற்றில் பிள்ளை இருந்தபோதுமா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில்தான் சுவர் சரிந்தது.

இப்போது தட்டுத் தடுமாறி எப்படியோ சொல்லி முடித்தார். மருந்துதான் காரணம், சாபம் இல்லை. அவளை அங்கே அனுப்பியது நான். ஊர் உங்களைத் தூற்றியதும் என்னால்தான். தோட்டத்தில் பெயர் சொல்லி அதட்டிய பெண்ணை, வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டார்.

ராக்கம்மாவுக்குக் கோபம் வரவில்லை. விளங்காத மாதிரி அவரையே பார்த்தார்.

“நான் எப்ப சாபம் விட்டேன்?” என்றார். “லோகா முழுகாம இருக்கிறத மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. ஒங்கிட்ட சொல்ல அவளுக்குப் பயம். அதான் நான் மண்ண அள்ளி சத்தியம் பண்ணிச் சொன்னேன். அவ வயித்துல புள்ள இருக்கு, மருந்தடிக்க அனுப்பாத, மீறி அனுப்புனா ஒன் வீட்டுத் தொட்டில் ஆடாது மண்டோருன்னு. அவளுக்காகத்தானே வந்து நின்னேன்.”

சுகுமாறன் தரையைப் பார்த்தார்.

அவர் குனிந்திருந்த கோலத்தைப் பார்த்து ராக்கம்மாவுக்கே மனசு இளகிவிட்டது.

“சரி, விடுலா. அத்தன பம்பு அடிக்கிற சத்தம். கடைசியா சொன்னதுதான் ஒனக்குக் கேட்டிருக்கும்.”

ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டியிருந்தால் மன்னிப்பு முழுசாகக் கிடைத்திருக்கும்.

“எல்லாமே கேட்டுச்சுக்கா” என்றார் சுகுமாறன். “அவள நிறுத்துனா, மருந்து கெடுதல்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அன்னிக்கே அத்தன பேரும் பம்ப கீழ எறக்கியிருப்பாங்க.”

ராக்கம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். உள்ளே போனார்.

மத்தியானம் வரைக்கும் சுகுமாறன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை.